வீடு உண்மைதான்

ஏப்ரல் பிறந்தால் என் வாட்ஸப்பில் வீடுகள் வர ஆரம்பித்துவிடும். கொடைக்கானலில் கண்ணாடிச் சுவர் வைத்த காட்டேஜ், ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் ஓர் ஓட்டு வீடு, வால்பாறையில் தேயிலைச் சரிவைப் பார்த்த திண்ணை, ராமேஸ்வரத்தில் 'கோயிலுக்கு நடந்தே போகலாம்' ஏசி ரூம். அனுப்புகிறவர்கள் சித்தி, மச்சான், பழைய ரூம்மேட், மேல்வீட்டு அக்கா. கூடவே ஒரே ஒரு வரி: "இது ஒரிஜினல்தானா, கொஞ்சம் பாரேன்." சொந்தத்தில் ஒருத்தன் சாஃப்ட்வேரில் இருந்தால் பிரிண்டர் ரிப்பேரிலிருந்து இன்கம்டாக்ஸ் வரை எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு. நம் குடும்பங்களில் இது எழுதாத சட்டம்.

நானும் பார்ப்பேன். ஆறேழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை நாளில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: அந்தக் கேள்வி நம்மைத் தப்பான இடத்தில் தேட வைக்கிறது. எனக்கு வந்த வீடுகளில் பெரும்பாலானவை ஒரிஜினல். போட்டோக்களும் ஒரிஜினல். மோசடி தொடங்குவதே அங்கிருந்துதான்.

*

என் பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். விருதுநகர்ப் பக்கம். மளிகைக் கடை பில்லைக்கூட ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் கை விடுவார். போனில் பணம் அனுப்பும்போது ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் அழுத்துவார். விவரம் இல்லாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைக்கிறவர்களுக்காக இதையெல்லாம் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மே மாதம். பேரன் பேத்திகள் எல்லாரும் லீவுக்கு வந்திருந்தார்கள். மொத்தம் பதினான்கு பேர், கொடைக்கானலில் இரண்டு ராத்திரி. பெரியப்பா தேடிப் பிடித்த வீட்டுக்கு நாளுக்கு 9,000 ரூபாய். தளத்தில் இருந்த எண்ணை அழைத்தார். மரியாதையான குரல், வார்த்தைக்கு வார்த்தை 'அய்யா' போட்டது. அதோடு அவர் நம்பிவிடவில்லை. வீட்டின் பெயரை கூகுள் மேப்பில் போட்டுப் பார்த்தார். வீடு இருந்தது. அதே வாசல், அதே நீலக் கூரை. நாற்பது ஐம்பது பேர் ரிவ்யூ எழுதியிருந்தார்கள். அதுவும் போதாமல், தன்னோடு வேலை பார்த்த ஒருவர் போன வருஷம் அங்கே தங்கியது நினைவுக்கு வந்து அவரிடமும் கேட்டார். "நல்ல வீடு சார், வெந்நீர்தான் கொஞ்சம் லேட்டா வரும்." இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன விசாரிக்க முடியும்?

பாதி அட்வான்ஸ் 9,000 போனது. இரண்டு நாள் கழித்து, திருப்பித் தரக்கூடிய டெபாசிட் என்று 5,000 கேட்டார்கள். அதுவும் போனது. பத்து நிமிஷத்தில் மறுபடி போன். "அய்யா, சிஸ்டம்ல 5,001ன்னு வரணும். 5,000 வந்ததால உங்க புக்கிங் ஹோல்டுல நிக்குது. 5,001 போட்டுவிட்டீங்கன்னா முந்தினது தானா ரீஃபண்டு ஆயிரும்." ஆக மொத்தம் 19,001 ரூபாய்.

டெம்போ டிராவலர் வத்தலக்குண்டு தாண்டி மலையேறி, சாயங்காலம் நாலரை மணிக்கு அந்த வாசலில் போய் நின்றது. வீடு இருந்தது. நீலக் கூரை இருந்தது. மாடியில் வேறொரு குடும்பத்தின் துணிமணிகள் காய்ந்துகொண்டிருந்தன. வாட்ச்மேன் ஆச்சரியப்படக்கூட இல்லை. "இந்த சீசன்ல நீங்க மூணாவது வண்டி சார்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் மூன்று ரூம் கிடைத்தது. 'வீட்டுக்காரங்க சொந்தத்துல ஒரு சாவாம்' என்று பெரியப்பா எல்லாரிடமும் சொல்லிவிட்டார். மறுநாள் ஏரிக்கரையில் பிள்ளைகளுக்குச் சோளம் வாங்கிக் கொடுத்தார், போட்டோவுக்குச் சிரித்தார். உண்மை தெரிந்தது பெரியம்மாவுக்கு மட்டும். பெங்களூரில் இருந்த எனக்குப் போன் வந்தது ஆறாவது நாள். அதுவும் பெரியம்மா திட்டிய பிறகு. "தம்பி, போன்ல போன காசைத் திரும்ப வாங்குறதுக்கு ஏதாச்சும் பட்டன் இருக்காப்பா?"

*

பட்டன் இல்லை. ஒரு எண் இருக்கிறது: 1930. மத்திய உள்துறை அமைச்சகத்தின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு. அழைத்தால் எந்த வங்கி, எவ்வளவு, எப்போது, பரிவர்த்தனையின் 12 இலக்க எண் என்ன என்று கேட்பார்கள். நாம் சொல்வது பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குப் போகும். பணம் அங்கேயே கிடந்தால் முடக்குவார்கள். அடுத்த கணக்குக்குத் தாவியிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் போகும். தாவித் தாவி எங்கேயோ ஒரு ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிட்டால் அதோடு முடிந்தது. துரத்துகிறவர்களுக்கும் தாவுகிறவர்களுக்கும் நடுவே நடக்கும் ஓட்டம் இது. முதல் ஒரு மணி நேரத்தைக் 'கோல்டன் ஹவர்' என்று சொல்வது அதனால்தான். நாங்கள் ஆறாவது நாள் ஓட ஆரம்பித்தோம். புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. பணம் இன்றுவரை வரவில்லை.

வங்கியின் பதிலும் எதிர்பார்த்ததுதான். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விட்டது. நமக்குத் தெரியாமல், வங்கியின் தவறும் நம் தவறும் இல்லாமல், கணக்கிலிருந்து பணம் திருடப்பட்டு, மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை என்கிறது அது. ஆனால் பெரியப்பா தானே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறார். 'நீங்கள்தானே சார் அனுப்பினீர்கள்?' ஒருவர் ஏமாற்றப்பட்டுத் தானே அனுப்பிய பணத்துக்கும் வங்கிகள் ஈடுகட்ட வேண்டும் என்று பிரிட்டன் 2024 அக்டோபர் 7 முதல் விதி கொண்டுவந்தது, உச்சவரம்பு 85,000 பவுண்டு. ஏமாந்தவனின் பொறுப்பு எங்கே முடிகிறது என்பதை ஒவ்வொரு நாடும் ஒரு கோடு போட்டுத்தான் முடிவு செய்கிறது. பெரியப்பா கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்.

என்னை உறுத்தியது 19,001 ரூபாயைவிட அந்த ஆறு நாள்கள். அவரைப் பேசவிடாமல் வைத்தது வெட்கம். அந்த வெட்கத்தை நாம்தான் தயாரித்துக் கொடுக்கிறோம். 'பேராசைப்பட்டா இப்படித்தான் ஆகும்' என்று பேப்பர் படித்துக்கொண்டே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம். லாட்டரி விழுந்திருக்கிறது, பணம் இரட்டிப்பாகும் என்று ஏமாறும் கதைகளுக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். இங்கே பேராசை எங்கே இருக்கிறது? 9,000 ரூபாய் சீசனில் ஊரறிந்த வாடகைதான். பேரப்பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டார், கேட்ட அட்வான்ஸைக் கொடுத்தார். வெட்கப்பட அதில் எதுவுமே இல்லை. ஆனாலும் வெட்கப்பட்டார். திருடனுக்கு ஆறு நாள் கிடைத்தது.

*

எங்கள் தொழிலில் முதல் வருஷமே சொல்லித் தரும் ஒரு வித்தியாசம் உண்டு. நீ யார் என்று உறுதி செய்வது ஒன்று. இதைச் செய்ய உனக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது வேறொன்று. ஆபீஸ் கேட்டில் அடையாள அட்டையைப் பார்ப்பது முதலாவது. அந்த அட்டையை வைத்து சர்வர் ரூம் கதவைத் திறக்க முடியுமா என்பது இரண்டாவது. இரண்டையும் குழப்பிக்கொண்ட சிஸ்டத்தை உடைப்பது ரொம்பச் சுலபம்.

பெரியப்பா வீட்டைச் சோதித்தார். வீடு எல்லாத் தேர்விலும் பாஸ் ஆனது. போனில் பேசியவனுக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பது கேட்கப்படாமலே போய்விட்டது. அவர் மட்டுமில்லை, நாம் எல்லாருமே இப்படித்தான் விசாரிக்கிறோம். ரிவ்யூ படிக்கிறோம், போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம், மேப்பில் தூரம் அளக்கிறோம். அத்தனையும் வீட்டைப் பற்றிய விசாரணை. பணமோ வீட்டுக்குப் போவதில்லை, ஒரு வங்கிக் கணக்குக்குப் போகிறது.

நம் வாழ்க்கையே அட்வான்ஸில்தான் ஓடுகிறது. கல்யாண மண்டபம், சமையல்காரர், நாதஸ்வரம், வாடகை வீடு எல்லாவற்றுக்கும் அச்சாரம் கொடுத்தால்தான் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அது நல்ல வழக்கம்தான். வாங்கியவருக்கு ஒரு வாசல் இருந்தவரை நடந்தது. ஏதாவது தகராறு என்றால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்கலாம். ஆன்லைன் அச்சாரத்தை அப்படியே வைத்துக்கொண்டு வாசலை மட்டும் உருவிவிட்டது. மோசடிக்காரனுக்குப் புதிதாக எதையும் நமக்குக் கற்றுத்தர வேண்டிய வேலை இல்லை.

தளத்தில் பூட்டுப் படம் இருந்ததே என்பார்கள். அந்தப் பூட்டுக்கு, நமக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும்தான் பொருள். எதிரே இருப்பவன் யோக்கியன் என்று அது சொல்வதில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் அந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகின்றன, திருடனும் வாங்கலாம். ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் உலாவி 2023 செப்டம்பரில் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டு வேறு சின்னத்தை வைத்தது. மேப்பில் இருக்கும் போன் நம்பரும் அப்படித்தான். இந்த எண் மாறிவிட்டது என்று யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். உரிமையாளர் கவனிக்காத பக்கங்களில் சில சமயம் அது ஏறியும்விடும்.

2025 ஏப்ரலில் அதே சைபர் குற்ற மையம் யாத்திரை போகிறவர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் ஓர் எச்சரிக்கை விட்டது. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட், கோயில் ஊர்களின் தங்கும் விடுதிகள், டாக்ஸி, டூர் பேக்கேஜ் எல்லாவற்றிலும் போலித் தளங்கள் வந்திருப்பதாகச் சொன்னது. கேதார்நாத் ஹெலிகாப்டருக்கு ஐஆர்சிடிசி நடத்தும் ஹெலியாத்ரா தளம், சோம்நாத்தில் தங்குவதற்குக் கோயில் டிரஸ்ட்டின் சொந்தத் தளம் என்று வழியும் காட்டியது. யாத்திரைக்காரர்களை ஏன் குறிவைக்கிறார்கள் என்று யோசித்தால் புரியும். கூட்டமாகப் போவார்கள், வயதானவர்கள் இருப்பார்கள், தேதியை மாற்ற முடியாது. ஹெலிகாப்டரும் கோயிலும் உண்மை. கூட்டிப்போகிறேன் என்கிறவன் மட்டும் பொய்.

*

அதனால் இப்போது யாராவது லிங்க் அனுப்பினால் நான் வீட்டைப் பார்ப்பதில்லை. ஒரு காகிதத்தில் மூன்று புள்ளி வைக்கிறேன்: வீடு, ஆள், கணக்கு. புள்ளிகளை விட்டுவிட்டு அவற்றை இணைக்கும் கோடுகளைச் சோதிக்கிறேன்.

வீட்டிலிருந்து ஆளுக்குப் போகும் கோடு. அவர் கொடுத்த எண்ணை அவரிடமே உறுதி செய்வதில் பிரயோஜனம் இல்லை. மேப்பில் தங்கினவர்கள் போட்ட போட்டோக்களைப் புரட்டினால் எங்காவது ஒன்றில் வாசல் போர்டு இருக்கும், அதில் ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பருக்கு அடிக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் பக்கத்து டீக்கடையோ மளிகைக் கடையோ மேப்பில் இருக்கும், கூச்சப்படாமல் கேட்கலாம். பிறகு வீடியோ கால். போட்டோ அனுப்பச் சொன்னால் யாரும் அனுப்புவார்கள். "அப்படியே கேட் வரைக்கும் நடந்து போய் போர்டைக் காட்டுங்க, சமையல்கட்டுக் குழாயைத் திறந்து காட்டுங்க" என்று அந்த நிமிஷத்தில் தோன்றுவதைக் கேட்க வேண்டும். உண்மையான வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்றால் ஆளை அனுப்பிக் காட்டுவார். பொய்யானவருக்கு நெட்வொர்க் இருக்காது.

ஆளிலிருந்து கணக்குக்குப் போகும் கோடு. யூபிஐயில் பணம் அனுப்பும் முன் கணக்கு வைத்திருப்பவரின் பெயர் வரும். அதை நிறுத்திப் படிக்க வேண்டும். கொடைக்கானல் வீட்டுக்கு முன்பின் கேள்விப்படாத ஒரு பெயர் வந்தால் கேட்க வேண்டும். "அது எங்க அக்கவுண்டன்ட் கணக்கு சார்" என்ற பதில் வந்தால், வாடகைக்கு எடுத்த கணக்காக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. 'ரீஃபண்டு அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க' என்றால் போகப்போவது நம் பணம். சந்தேகமான எண்ணையோ யூபிஐ ஐடியையோ தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் தேடிப் பார்க்கவும் வசதி இருக்கிறது.

பெரிய ஆப்களில் புக் செய்தால், ஆப்புக்குள் பேச வேண்டும், ஆப்புக்குள்ளேயே பணம் கட்ட வேண்டும். ஏர்பிஎன்பி, நாம் வீட்டுக்குள் போய் ஏறத்தாழ ஒரு நாள் கழித்துத்தான் வீட்டுக்காரருக்குப் பணத்தை விடுகிறது. 'வெளியே கட்டினால் பத்து சதவீதம் குறைக்கிறேன்' என்ற சலுகை அந்த ஒரு நாள் பாதுகாப்பை விலைக்குக் கேட்பதுதான். இப்போது இன்னொரு வகையும் வந்திருக்கிறது. ஹோட்டலின் கணினியில் வைரஸ் ஏற்றி, அதன் லாகினைத் திருடி, ஆப்புக்குள்ளிருந்தே 'கார்டை மறுபடி உறுதி செய்யுங்கள்' என்று லிங்க் அனுப்புகிறார்கள். அங்கே ஆப் உண்மை, புக்கிங் உண்மை, ஹோட்டலும் உண்மை. லிங்க்கைத் தொடாமல் ஹோட்டலின் வரவேற்புக்கு நேரே போன் செய்வது ஒன்றே வழி.

'இன்னொரு பார்ட்டி லைன்ல இருக்காங்க' என்று அவசரப்படுத்துவதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் நிஜமான வீட்டுக்காரரும் அதையேதான் சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும். பத்து நிமிஷம் கேட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். உண்மையானவர் அலுத்துக்கொள்வார். மற்றவர் விடாமல் அழைத்துக்கொண்டே இருப்பார்.

*

இதையெல்லாம் சொன்னால், "எதுக்குப்பா இந்தத் தலைவலி, தெரிஞ்சவங்க மூலமா புக் பண்ணிக்கலாமே" என்று ஒரு குரல் வரும். எங்கள் தாத்தா காலத்தில் அப்படித்தான் போனார்கள். ராமேஸ்வரத்துக்கும் காசிக்கும் போனால் சத்திரம். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பல சத்திரங்களில் எந்த ஊர், யார் மகன், என்ன சாதி என்று கேட்டபிறகுதான் கதவு திறந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. அந்த நம்பிக்கைக்கு வேறொருவர் வெளியே நின்று விலை கொடுத்திருக்கிறார். தனியாகப் பயணம் போகும் என் தோழிக்கும், பெயரைக் கேட்டதும் 'ரூம் ஃபுல் பாய்' என்று பதில் வாங்கிய என் நண்பனுக்கும், எதுவும் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கும் ஆன்லைன் புக்கிங் ஒரு விடுதலையாகத்தான் வந்தது. தெரிந்தவர் மூலம் போவதற்கு முதலில் தெரிந்தவர் இருக்க வேண்டும்.

பெரிய ஆப்பையும் அரசு விடுதியையும் தவிர வேறெங்கும் போகாதே என்று சொல்லலாம். கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு எல்லா ஊரிலும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஹோட்டல் தமிழ்நாடு' இருக்கிறது, நம்பிப் போகலாம். ஆனால் எல்லாரும் அப்படியே செய்தால், வீட்டின் இரண்டு அறையை விட்டுப் பிழைக்கிறவர்கள் என்ன ஆவார்கள்? அவர்கள் வாட்ஸப்பில்தான் பேசுவார்கள், யூபிஐயில்தான் அட்வான்ஸ் கேட்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் திருடனும் அவர்களும் ஒன்றுபோலவே இருப்பார்கள்.

போன டிசம்பரில் அப்பா அம்மாவுக்காக வால்பாறையில் வீடு தேடினேன். ஓர் அம்மா எடுத்தார். அட்வான்ஸ் 2,000 என்றார். யூபிஐயில் வேறொரு பெயர் வந்தது. கேட்டேன். "அது மருமக பேரு தம்பி, எனக்கு இந்தப் போனெல்லாம் வராது." என் விதிப்படி நான் அங்கேயே போனை வைத்திருக்க வேண்டும். வீடியோவில் வரச் சொன்னேன். வந்தார். முகத்துக்குப் பதில் பாதி நேரம் உத்திரம்தான் தெரிந்தது. கேட்டைக் காட்டினார், போர்டைக் காட்டினார், மருமகளைக் கூப்பிட்டு நிறுத்தினார், கேட்காமலே கோழிக் கூண்டையும் காட்டினார். எல்லாம் முடிந்ததும், இப்போது 500 மட்டும் அனுப்புகிறேன், மீதியை வந்து தருகிறார்களே என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி தம்பி. ஆனா போன வாரம் ரெண்டு பார்ட்டி வர்றேன்னு சொல்லிட்டு வரவே இல்ல. அரிசி பருப்பெல்லாம் வாங்கி வெச்சு, வந்த வேற ஆளைத் திருப்பி அனுப்பிச்சு, எல்லாம் நட்டம். நீங்க என்னய இவ்வளவு கேட்டீங்க. நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. முதல் எட்டு எண்கள் மறைத்த ஆதாரை அனுப்புகிறேன் என்றேன்.

"அதெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார். "கேமராவை வீட்டுப் பக்கம் திருப்புங்க. அப்பா அம்மா இருந்தா கூப்பிடுங்க, ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்."